சார்லமேன் மகன் லூயி நிஜமாவே கையாலாகாத பேரரசரா? வாங்க பேசுவோம்

ரைன்_ஓரம்:
சார்லமேன் பத்தி எல்லாருக்கும் ஓரளவு தெரியும், 800ம் வருஷம் கிறிஸ்மஸ் அன்னைக்கு ரோம்ல போப் கையால கிரீடம் வாங்கினது, ஆகன் அரண்மனை, பாக்தாத் கலீபா அனுப்பின யானை, எல்லாம் படிச்சிருப்போம். அவருக்கு அப்புறம் அதே சாம்ராஜ்யத்த 814ல இருந்து 840 வரைக்கும், 26 வருஷம் ஆண்டவர் மகன் லூயி. இவரப் பத்தி கேட்டா பாதி பேரு "அப்பன் சேத்தத புள்ள தொலைச்சுட்டான், சாமியார் மாதிரி ஆளு"ன்னு ஒரே வரில முடிச்சிடறாங்க. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. பெத்த புள்ளைங்களே ரெண்டு தடவ கவுத்தும் ரெண்டு தடவையும் திரும்பி சிம்மாசனத்துல உக்காந்து, சாகும்போதும் பேரரசராவே செத்த ஆள எப்படி கையாலாகாதவர்னு சொல்றது? எதிர்த்தரப்பு வாதம் இருந்தா வைங்க, பொறுமையா பேசலாம்.

சும்மா_வந்தேன்:
ப்ரோ முதல்ல யாரு யாருக்கு யாருன்னு சொல்லுங்க. ஃபிராங்க் ராஜாங்கள்ல பாதி பேரு லூயி, மீதி பேரு சார்லஸ், பிப்பின். தலை சுத்துது.

ரைன்_ஓரம்:
ஹாஹா நியாயமான கோரிக்கை. அப்பா சார்லமேன், அம்மா ஹில்டகார்ட். லூயி பொறந்தது 778ல, இன்னைக்கு பிரான்ஸ்ல பொய்த்தியே பக்கம் இருக்கற ஷாஸ்னேல்ங்கற ஊர்ல, அப்ப அப்பா ஸ்பெயின் படையெடுப்புல இருந்தாரு. இரட்டைக் குழந்தைங்க, கூடப் பொறந்த லோத்தர் சின்னதுலயே செத்துப்போச்சு. 781ல, அதாவது மூணு வயசுல, ரோம்ல போப் ஹாட்ரியன் கையால அபிஷேகம், அக்விட்டைனுக்கு (இன்னைய பிரான்ஸோட தென்மேற்குப் பகுதி) ராஜா. லூயியோட அரண்மனைலயே இருந்த ஒருத்தர் பேரு போடாம ஒரு வரலாறு எழுதி வச்சிருக்காரு, நட்சத்திரம் பாக்கறதுல கெட்டிங்கறதால அவர "வானியலாளர்"னு சொல்லுவாங்க. குழந்தைய ஓர்லியான் வரைக்கும் தொட்டில்லயே தூக்கிட்டு வந்து, அங்க வயசுக்கு ஏத்த குட்டி ஆயுதம் மாட்டி, குதிரை மேல உக்கார வச்சு அக்விட்டைனுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்கன்னு அவர்தான் எழுதறாரு. இன்னொரு காட்சியும் இருக்கு, ஏழு வயசு இருக்கும்போது அப்பா பாடர்போர்னுக்கு கூப்பிட்டு விடறாரு, பையன் தெக்கத்தி காஸ்கன் டிரஸ்ல, வட்டமான சின்ன மேலங்கி, தொளதொள சட்டைக்கை, பூட்ஸ்ல குதிமுள்ளு, கைல ஈட்டியோட வந்து நிக்கறான். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், அவர்தான் அப்படி ஏற்பாடு பண்ணச் சொன்னதே. உள்ளூர் ஆளு மாதிரி தெரியணும்ங்கற அரசியல் அதுல இருக்கு.

புள்ளைங்க: முதல் மனைவி இர்மன்கார்டுக்கு லோத்தர், பிப்பின், "ஜெர்மானிய" லூயி. ரெண்டாவது மனைவி யூடித்துக்கு 823ல பொறந்த சார்லஸ், பின்னாடி "வழுக்கை சார்லஸ்". இந்த நாலு பேரு ஞாபகம் இருந்தா போதும்.

கல்வெட்டு_பிரியன்:
நான் எதிர்த்தரப்பு. முதல் விஷயம், இவரு ராஜாவா வந்ததே அதிர்ஷ்டம். சார்லமேன் 806ல மூணு பசங்களுக்கு ராஜ்யத்த பிரிச்சுதான் எழுதினாரு, இத்தாலி பிப்பின் 810ல போயிட்டாரு, மூத்தவன் சார்லஸ் 811ல போயிட்டாரு, மிச்சம் இருந்தது இவரு ஒருத்தர்தான். ரெண்டாவது, 817ல இவரே ஒரு சாசனம் போடறாரு, ஊரக் கூட்டி மூணு நாள் உபவாசம் இருந்து, இது கடவுள் சித்தம்னு அறிவிச்சு. லோத்தர் இணைப்பேரரசர், பிப்பினுக்கு அக்விட்டைன், சின்ன லூயிக்கு பவேரியா, தம்பிங்க வருஷா வருஷம் அண்ணன வந்து பாத்து மரியாதை செய்யணும், அண்ணன் சம்மதம் இல்லாம சண்டையும் கூடாது, கல்யாணமும் கூடாது, ராஜ்யத்த இதுக்கு மேல துண்டு போடவே கூடாது. அருமையான ஏற்பாடு, நான் ஒத்துக்கறேன். அப்புறம் அதே மனுஷன் 829ல வார்ம்ஸ்ல உக்காந்து ஆறு வயசு சார்லஸுக்கு அலமானியா, அல்சாஸ், ரேத்தியா, பர்கண்டில ஒரு பகுதின்னு தூக்கிக் குடுக்கறாரு! பத்திரம் பதிஞ்சு முடிச்ச பாகப்பிரிவினைய, ரெண்டாம் தாரத்துப் புள்ளைக்காக திரும்ப கிழிச்சா மூத்த பசங்க சும்மா இருப்பாங்களா? தன்னோட வாக்க தானே மீறினவரு, அவ்வளவுதான்.

மதுரைக்காரி:
வந்துட்டாங்கய்யா, ரெண்டாம் தாரம்தான் எல்லாத்துக்கும் காரணம். யூடித்த திட்டறதுக்கு ஒன்பதாம் நூற்றாண்டு பிஷப்புங்களே போதும், நீங்களும் சேரணுமா? அந்தம்மா மேல என்ன பழி போட்டாங்கன்னு தெரியுமா, 829ல அரண்மனை நிர்வாகத்துக்கு வந்த செப்டிமேனியா பெர்னார்டோட தொடர்பாம், சூனியமாம். லியோன் ஆர்ச்பிஷப் அகோபார்ட் பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காரு. 830ல அந்தம்மாவ புடிச்சு பொய்த்தியேல கன்னிமடத்துல அடைச்சாங்க. அடுத்த வருஷம் 831ல ஆகன்ல சபை கூடினப்ப யாராவது குத்தம் சொல்றவங்க இருந்தா முன்னாடி வாங்கன்னு கேட்டா ஒருத்தரும் வரல. சத்தியம் பண்ணி வெளிய வந்தாங்க.

ஆறு வயசுப் புள்ளைக்கு ஒரு துண்டு நிலம் கேட்டது ஃபிராங்க் வழக்கப்படி அதிசயமே இல்ல, எல்லா ஆம்பளப் புள்ளைக்கும் பங்கு உண்டுங்கறதுதான் அந்த குலத்தோட பழக்கமே. விசித்திரம்னா 817 சாசனம்தான் விசித்திரம்.

கல்வெட்டு_பிரியன்:
யூடித்த நான் திட்டலயே, லூயியத்தானே திட்டறேன் 😄 ஆனா பழக்கம்னு நீங்க சொல்றது பாயிண்ட்தான்.

தாத்தா68:
தம்பிகளா, எல்லாரும் 829ல ஆரம்பிக்கறீங்க, 817ஐ கொஞ்சம் நிதானமா பாருங்க. அந்த வருஷம் பெரிய வியாழன் அன்னைக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை, ஆகன்ல லூயி கோவில் பூசை முடிச்சு மரத்தால கட்டின தாழ்வாரம் வழியா அரண்மனைக்கு நடந்து வர்றப்ப அது அப்படியே இடிஞ்சு விழுந்துச்சு. உளுத்துப்போன மரம், கூட வந்த இருபது பேருக்கு மேல கீழ விழுந்து நிறைய பேருக்கு நல்ல அடி, லூயிக்கு மட்டும் லேசான காயம். ஜூலைல சாசனம் வருது. சாவு எந்நேரமும் வரும்னு அவருக்கு தோணிருக்கலாம்னு நினைக்கறேன், அது என் அபிப்ராயம்.

அந்த சாசனத்துல வெட்டுப்பட்டது அண்ணன் மகன் பெர்னார்ட். இத்தாலிக்கு ராஜாவா இருந்த பையன், சாசனத்துல அவன் பேரே இல்ல, இத்தாலி லோத்தருக்கு கீழன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. வருஷக் கடைசில கிளர்ச்சின்னு ஆரம்பிச்சான், லூயி படையோட கிளம்பினதும் ஷாலோன்ல வந்து காலுல விழுந்துட்டான். 818ல மரண தண்டனை தீர்ப்பு, லூயி கருணை காட்டி கண்ண மட்டும் புடுங்கச் சொன்னாரு. அந்த காயத்துலயே ரெண்டு மூணு நாள்ல செத்துட்டான். அதே வருஷம் வேற தாய்க்குப் பொறந்த தன்னோட தம்பிங்க மூணு பேருக்கும் மொட்டை போட்டு மடத்துக்கு அனுப்பினாரு, நாளைக்கு போட்டிக்கு வரக்கூடாதுன்னு. சாமியார் குணம், மென்மையானவருன்னு சொல்றவங்க இதையும் சேத்து படிக்கணும்.

சும்மா_வந்தேன்:
அடப்பாவி. கண்ண புடுங்கறதுதான் கருணையா

தாத்தா68:
அந்தக் காலத்து சட்டப்படி ராஜதுரோகத்துக்கு தலை போகணும் தம்பி, அதனால அத கருணைன்னு எழுதி வச்சாங்க. ஆனா அவருக்கே அது கருணையா தெரியலங்கறது நாலு வருஷத்துல தெரிஞ்சுது.

ரைன்_ஓரம்:
ஐயா சொன்ன இடத்துல இருந்து நான் தொடர்றேன், ஏன்னா என் மொத்த வாதமும் இங்கதான் இருக்கு. 822ல அத்தினிங்கற ஊர்ல சபை கூடுது. லூயி எல்லார் முன்னாடியும் நின்னு, பெர்னார்டுக்கு நடந்ததுக்கும், தன் சொந்தக்காரங்க அடல்ஹார்ட், வாலா ரெண்டு பேரையும் ஒதுக்கி வச்சதுக்கும் தான்தான் பொறுப்புன்னு சொல்லி, பிஷப்புங்க சொன்ன பரிகாரத்த தானா ஏத்துக்கிட்டாரு. யாரும் கட்டாயப்படுத்தல. வானியலாளர் இத ரோமப் பேரரசர் தியோடோசியஸ் செஞ்சதோட ஒப்பிட்டு பெருமையாத்தான் எழுதறாரு. அந்த சமயத்துல பாத்தா இது பலவீனம் கிடையாது, கூடப்பொறந்தவங்களோட சமாதானம், வாலா மாதிரி பெரிய தலைங்க திரும்ப அரசவைக்கு வந்தாச்சு, 823ல மொட்டை போட்ட தம்பி ட்ரோகோவுக்கு மெட்ஸ் பிஷப் பதவி, அவரு கடைசி வரைக்கும் லூயிய விட்டு நகரல.

அப்புறம் 828-29ல நாட்டுல பஞ்சம், எல்லைல தோல்வின்னு கஷ்டம் வந்தப்ப லூயி என்ன பண்றாரு? மைன்ஸ், பாரிஸ், லியோன், துலூஸ்னு நாலு இடத்துல பிஷப்புங்க சபைய தானே கூட்டச் சொல்லி, நாம எங்க தப்பு பண்ணோம், கடவுளுக்கு ஏன் கோவம்னு பாத்து சொல்லுங்கன்னு கேக்கறாரு. பாரிஸ்ல பிஷப்புங்க எழுதினது என்னன்னா, ராஜாவோட ஆத்துமாவுக்கும் கடவுள் முன்னாடி நாங்கதான் கணக்கு சொல்லணும், அதனால எங்க பொறுப்புதான் பெருசு. கேட்டவரு இவரு, சொன்னவங்க அவங்க. நாலு வருஷம் கழிச்சு அதே சட்டத்த எடுத்து இவரு தலைமேலயே வச்சாங்க. தன்னோட ஆட்சிய எந்த தராசுல நிறுத்தணும்னு எதிரிங்களுக்கு காட்டிக்குடுத்ததே லூயிதான். அதுக்காக அவர கையாலாகாதவர்னு நான் சொல்லமாட்டேன், அந்த தராச அவரு நிஜமாவே நம்பினாரு.

கல்வெட்டு_பிரியன்:
நம்பிக்கையெல்லாம் சரி நண்பா, வயித்துப்பாட்ட பேசுங்க. சார்லமேன் காலத்துல வருஷா வருஷம் படையெடுப்பு, 796ல ஆவார்கள்கிட்ட இருந்து அள்ளிட்டு வந்த தங்கம் மட்டும் எவ்வளவு. அதப் பங்கு போட்டுக் குடுத்தா எந்த பிரபுவும் வாலாட்டமாட்டான். லூயி காலத்துல எல்லை விரியறது நின்னு போச்சு, புதுசா குடுக்க நிலம் இல்ல, ஒருத்தன்கிட்ட புடுங்கித்தான் இன்னொருத்தனுக்கு குடுக்கணும். 827ல ஸ்பெயின் எல்லைல பார்சிலோனா பக்கம் ஆபத்துன்னு படை அனுப்பினா, ஹியூ, மத்ஃப்ரித்னு ரெண்டு பிரபுங்க ஆடி அசைஞ்சு லேட்டா போனாங்க, எதிரி கொள்ளையடிச்சுட்டு போயே போயிட்டான். 828ல அந்த ரெண்டு பேரு பதவியும் பறிப்பு. இதுல ஹியூ யாருன்னா லோத்தரோட மாமனார்! அப்ப கிளர்ச்சி எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்துக்கோங்க. சாசனம், தர்மம் எல்லாம் பேச்சுக்கு, உள்ள இருந்தது பதவி போன வயித்தெரிச்சல்.

ரைன்_ஓரம்:
இதுல நீங்க என் பக்கம்தான் பேசறீங்க, கவனிச்சீங்களா? எல்லை நின்னது அப்பா காலத்துலயே, 804ல சாக்சன் போர் முடிஞ்சதோட பெரிய வேட்டையெல்லாம் முடிஞ்சு போச்சு. இளமைல இவரும் ஒன்னும் சும்மா இருக்கல, 801ல பார்சிலோனா விழுந்தது இவரோட அக்விட்டைன் படைகிட்டதான்.

மதுரைக்காரி:
830 கதையையும் போடுங்க யாராவது.

ரைன்_ஓரம்:
சுருக்கமா சொல்றேன். தவக்காலத்துல பிரித்தானி (பிரான்ஸோட மேற்கு ஓரம்) மேல படையெடுப்புன்னு பெரிய வியாழன் அன்னைக்கு படைய வரச் சொன்னது எல்லாருக்கும் எரிச்சல், படை பாரிஸ்ல கூடி கிளர்ச்சியா மாறிடுச்சு. செப்டிமேனியா பெர்னார்ட் பார்சிலோனாவுக்கு ஓட்டம், அவரு தம்பி ஹெரிபெர்ட்டுக்கு கண்ணு போச்சு. லூயி ஆறு மாசம் அடக்கமா இருந்துட்டு, அடுத்த சபைய மேற்க வைக்காம நைமேகன்ல வைக்கணும்னு காய் நகர்த்தினாரு, அங்க கிழக்கத்தி ஆளுங்க, இவருக்கு விசுவாசமானவங்க. பசங்களுக்குள்ளயும் பிளவு, சின்னவங்க ரெண்டு பேருக்கும் கூடுதல் பங்கு தரேன்னு தூது. அக்டோபர்ல சபை கூடினப்ப லோத்தர் தனியா நின்னாரு. கையாலாகாதவர் பண்ற வேலையா இது?

தாத்தா68:
அந்த கூடுதல் பங்கு ஆசை காட்டினதுதான் 833க்கு வித்து. ஒரு புள்ளைக்கு குடுத்து இன்னொருத்தன்கிட்ட எடுத்து, 832ல பிப்பின்கிட்ட இருந்து அக்விட்டைனையே எடுத்து சார்லஸுக்கு எழுதினாரு. மூணு பேரும் ஒன்னா சேந்துட்டாங்க. லோத்தர் இத்தாலில இருந்து வரும்போது போப் நான்காம் கிரகோரியையும் கையோட கூட்டிட்டு வந்தான், சமாதானம் பேசறேன்னு. 833 ஜூன், அல்சாஸ்ல கோல்மார் பக்கம் ஒரு மைதானம். ரெண்டு படையும் எதிரெதிர்ல கூடாரம் போட்டு உக்காந்திருக்கு, ஒரு அம்பு கூட விடல. போப் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்துட்டு இருக்காரு, ராத்திரியில லூயி பக்கத்து ஆளுங்க ஒவ்வொருத்தரா, அப்புறம் கூட்டம் கூட்டமா எதிர்ப்பக்கம் போயிட்டே இருக்காங்க. சில நாள்ல கூடாரம் காலி. மிச்சம் நின்னவங்கள கூப்பிட்டு, என்னால யாருக்கும் உயிரோ கையோ காலோ போகவேண்டாம், நீங்களும் என் பசங்ககிட்ட போயிடுங்கன்னு லூயி சொன்னதா அந்தக் காலத்துலயே அவரு வரலாற எழுதின தேகன் எழுதறாரு. அழுதுகிட்டே போனாங்களாம். அந்த இடத்துக்கு பொய் மைதானம்னே பேரு நின்னுடுச்சு.

யூடித்த இத்தாலிக்கு டோர்டோனாவுக்கு அனுப்பினாங்க, பத்து வயசு சார்லஸ ப்ரூம் மடத்துக்கு. பையனுக்கு மொட்டை போடலங்கறது ஒன்னுதான் ஆறுதல்.

சும்மா_வந்தேன்:
படிக்கவே கஷ்டமா இருக்கு ஐயா. அப்புறம் எப்படி திரும்ப வந்தாரு?

ரைன்_ஓரம்:
அதுக்கு முன்னாடி சுவாசோன் இருக்கு. 833 அக்டோபர், செயின்ட் மெதார் மடாலயம். லோத்தருக்கு ஒரு சிக்கல், அப்பா உயிரோட இருக்கற வரைக்கும் யாராவது திரும்ப தூக்கி உக்கார வச்சிடுவாங்க, கொல்லவும் முடியாது. அதனால பிஷப்புங்க ஒரு வழி கண்டுபுடிச்சாங்க, பகிரங்க தவம் செஞ்சவன் அப்புறம் ஆயுதம் தொடக்கூடாதுங்கறது திருச்சபை விதி. ஆயுதம் தொட முடியாதவன் ராஜாவா இருக்க முடியாது. எட்டு குத்தச்சாட்டு எழுதி கைல குடுத்தாங்க, அண்ணன் மகன் பெர்னார்ட் சாவு திரும்ப லிஸ்ட்ல, 817 சாசனத்த மீறினது, தவக்காலத்துல படையெடுத்தது, எல்லாம். பலிபீடம் முன்னாடி முரட்டுத் துணி விரிச்சு அதுல விழ வச்சு, அவரே இடுப்புல இருந்து வாள் பெல்ட்ட கழட்டி பீடத்து மேல வைக்கணும், ராஜ உடை எடுத்துட்டு தவசி உடை. முன்னாடி நின்னு நடத்தினது ரெய்ம்ஸ் ஆர்ச்பிஷப் எப்போ. இந்த எப்போ யாரு தெரியுமா, அடிமைக் குடும்பத்துல பொறந்தவரு, லூயியோட சேந்து ஒன்னா வளந்தவரு, லூயி தயவுல ஆர்ச்பிஷப் ஆனவரு. தேகனுக்கு வந்த கோவம் இருக்கே, உன்ன ராஜா சுதந்திர மனுஷனாத்தான் ஆக்கினாரு, உயர்குடியா ஆக்கல, அது முடியாத காரியம்னு சாதி திமிரோட திட்டறாரு. தேகன் நல்ல குடும்பத்து ஆளு, அந்தக் கண்ணாடி வழியாத்தான் எல்லாத்தையும் பாப்பாரு, அப்படியே நம்பிடாம கவனமா படிக்கணும்.

இப்ப கேள்விக்கு வரேன். திட்டம் ஓவரா போயிடுச்சு. பெத்த அப்பன இப்படி பண்ணிட்டானேன்னு ஜனங்க மத்தில அனுதாபம், தம்பிங்களுக்கு அண்ணன் தங்களையும் முழுங்கிடுவான்னு பயம். பிப்பினும் ஜெர்மானிய லூயியும் படையோட கிளம்ப, லோத்தர் அப்பாவ செயின்ட் டெனில விட்டுட்டு தெக்க ஓடிட்டாரு. 834 மார்ச் 1ம் தேதி அங்கயே பிஷப்புங்க கையால திரும்ப வாள் கட்டிவிட்டாங்க. லூயி அதோட விடல, 835 பிப்ரவரில மெட்ஸ்ல முறைப்படி திரும்ப கிரீடம், எப்போ தன் வாயால தப்புன்னு சொல்லி பதவி விலகணும். சடங்கால புடுங்கினத சடங்காலதான் திரும்ப வாங்கணும்னு தெரிஞ்சு வச்சிருந்தாரு.

மதுரைக்காரி:
லோத்தர் ஓடற வழில ஷாலோன்ல ஊரையே கொளுத்தினது, செப்டிமேனியா பெர்னார்டோட சகோதரி கெர்பெர்கா, கன்னியாஸ்திரி, அந்தம்மாவ சூனியக்காரின்னு சொல்லி பீப்பாய்ல அடைச்சு சோன் ஆத்துல போட்டது, இதையும் எழுதுங்க. அண்ணன் மேல கோவம்னா தங்கச்சிய கொல்லுவாங்க. பெர்னார்ட் மனைவி தோதா மகனுக்கு எழுதின கையேடு இருக்கு, 841ல ஆரம்பிச்சது, பணயமா அரசவைல மாட்டிக்கிட்ட பையனுக்கு அம்மா எழுதறது. அதுல இந்த கெர்பெர்கா பேரையும் போட்டு, இவங்களுக்காக ஜெபம் பண்ணுன்னு சொல்றாங்க. இந்த ராஜாக்கள் சண்டைய விட எனக்கு அந்த புக்குதான் முக்கியம்.

சும்மா_வந்தேன்:
இவரு அப்பா சேத்து வச்ச பழைய ஜெர்மன் பாட்டையெல்லாம் கொளுத்தினாருன்னு எங்கயோ படிச்சேனே?

தாத்தா68:
கட்டுக்கதை தம்பி. சின்ன வயசுல படிச்ச புறசமயக் கவிதைகள அவரு வெறுத்தாரு, படிக்கவோ கேக்கவோ சொல்லிக்குடுக்கவோ விரும்பலன்னு தேகன் எழுதினாரு, அவ்வளவுதான். அத ஊதி ஊதி நெருப்பாக்கிட்டாங்க. பண்டிகைல கோமாளிங்க, குழல் வாசிக்கறவங்க எல்லாம் வந்து ஜனங்க சிரிச்சாலும் இவரு வெள்ளைப் பல்லு தெரிய சிரிச்சதே இல்லன்னும் அவரே எழுதறாரு. ஆனா கலை வேண்டாம்னவர் இல்ல, 826ல ஜார்ஜ்னு வெனிஸ் பாதிரியார வச்சு ஆகன்ல ஆர்கன் வாத்தியம் செய்ய வச்சாரு. அதுவரைக்கும் அது கான்ஸ்டான்டினோப்பிள் பெருமை.

கல்வெட்டு_பிரியன்:
சரி, 835க்கு அப்புறம் பாடம் கத்துக்கிட்டாரா? இல்லயே. 838ல பிப்பின் செத்ததும் அவன் மகன ஒதுக்கிட்டு அக்விட்டைன சார்லஸுக்கே குடுக்கறாரு. 839ல வார்ம்ஸ்ல பேரரச லோத்தருக்கும் சார்லஸுக்கும் ரெண்டா பிரிச்சு, ஜெர்மானிய லூயிக்கு பவேரியா மட்டும். கோவிச்சுக்கிட்ட மகன் மேல 62 வயசுல நோயோட படையெடுத்துப் போயி, அந்தப் பயணத்துலயே 840 ஜூன் 20 அன்னைக்கு இங்கல்ஹைம் பக்கம் ரைன் நதி தீவுல உயிர விடறாரு. வடக்க டோரஸ்டாட் துறைமுகத்த வைக்கிங்குங்க 834ல இருந்து வருஷாவருஷம் சூறையாடறாங்க, இவரு பசங்களோட மல்லுக்கட்டிட்டு இருக்காரு.

ரைன்_ஓரம்:
839 முடிவு மோசம்தான், அதுல மறுபேச்சு இல்ல. பேரன ஒதுக்கினது பெர்னார்ட் விஷயத்துல பண்ண அதே காரியம். ஆனா அதே 839 மே மாசம் இங்கல்ஹைம்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க, பைசாண்டியப் பேரரசர் தியோபிலோஸ் தூதர்கள அனுப்பறாரு, கூட "ரோஸ்"னு சொல்லிக்கிட்ட கொஞ்சம் பேரு, ஊருக்கு பத்திரமா அனுப்பி வைங்கன்னு. லூயி ஆளுங்க விசாரிச்சா அவங்க ஸ்வீடன் காரங்க! ஒற்றரா இருக்குமோன்னு நிறுத்தி வைக்கறாரு. ரஷ்ய வரலாற்றுல ருஸ் பேரு முதல்ல வர்றதே இந்த விசாரணைலதான். நிலைகுலைஞ்ச அரசவை இப்படி வேலை செய்யாது.

இன்னொன்னு, 837ல வால் நட்சத்திரம் வந்துச்சு, நம்ம ஹாலி தான், பதிவான காலத்துல பூமிக்கு அவ்வளவு பக்கத்துல அது வந்ததே இல்ல, சுமார் 50 லட்சம் கிலோமீட்டர். லூயி வானியலாளர கூப்பிட்டு என்னன்னு கேக்க, மனுஷன் நழுவப் பாத்தாரு. ஒன்னு மட்டும் மறைக்கறே, இது அரசன் சாவுக்கு அறிகுறின்னு சொல்லுவாங்களேன்னு இவரே எடுத்துக் குடுக்கறாரு. வானத்து அடையாளத்துக்கு பயப்படாதீங்கன்னு அவரு வேத வசனம் சொல்ல, நட்சத்திரத்துக்கு பயப்படல, அத படைச்சவருக்குத்தான் பயப்படணும், ஆனா நமக்கு வந்த எச்சரிக்கைன்னு எடுத்துக்குவோம்னாரு. ராத்திரி முழுக்க ஜெபம், காலைல ஏழைகளுக்கு தானம், அதுக்கப்புறம் என்ன பண்ணாருன்னு நினைக்கறீங்க? ஆர்டென் காட்டுக்கு வேட்டைக்கு போயிட்டாரு.

சும்மா_வந்தேன்:
😂😂 அந்த கடைசி வரிக்காகவே இவர புடிச்சுப்போச்சு

தாத்தா68:
அடக்கம் பண்ணது மெட்ஸ்ல செயின்ட் அர்னுல்ஃப்ல, அம்மா ஹில்டகார்ட் பக்கத்துல. ஏற்பாடு பண்ணது அந்த மொட்டை போட்ட தம்பி ட்ரோகோதான். பழைய ரோமானிய கல்லுப்பெட்டி ஒன்னுல வச்சாங்க, மேல செங்கடல் கடக்கற காட்சி செதுக்கினது. பிரெஞ்சுப் புரட்சில உடைஞ்சு, இப்ப துண்டுங்க மெட்ஸ் மியூசியத்துல இருக்கு.

கல்வெட்டு_பிரியன்:
என் தீர்ப்பு மாறல, 817ஐ தானே உடைச்சவரு. ஆனா இவரு செத்து ஒரே வருஷத்துல, 841 ஜூன் 25 ஃபோந்தனுவால அண்ணன் தம்பிங்க ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிட்டதையும், 843ல வெர்டன்ல மூணா பிரிச்சுக்கிட்டதையும் பாத்தா, இவரு இருந்த வரைக்கும் அந்த அளவுக்கு ரத்தம் ஓடலங்கறது உண்மை. அந்த சண்டைலயே நேர்ல இருந்து எழுதின நிதார்ட், சார்லமேனோட பேரன், அவரப் பத்தி தனி இழை யாராவது ஆரம்பிங்கப்பா.

ரைன்_ஓரம்:
நானே போடறேன், ஸ்ட்ராஸ்பர்க் சத்தியப்பிரமாணத்துல இருந்து ஆரம்பிப்போம். சனிக்கிழமை வாங்க.